உள்ளுக்குத் தள்ளிப் போட்ட வேலி

அன்புள்ள தம்பிக்கு,

"குறை நினைக்காதேங்கோ டீச்சர். இந்த வேலி ஏன் உள்ளுக்கு நிக்குது?"

உன் வருங்கால மாமனார் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று என்னிடம் கேட்ட கேள்வி இது. கலியாணத்துக்கு நாள் குறிக்க வந்திருந்தார்கள். முன்னறையில் பயித்தம் பணியாரமும் தேத்தண்ணியும் காத்திருக்க, மனிதர் கை கழுவுகிற சாட்டில் குசினி வாசலால் இறங்கி, வளவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து நின்றார். அவரில் பிழை இல்லை. புறக்கோட்டையில் எத்தனை காலம் இரும்புக்கடை வைத்திருந்தால்தான் என்ன, யாழ்ப்பாணத்துக் கண் ஒரு வளவுக்குள் போனால் முதலில் வேலியைத்தான் பார்க்கும். மா காய்த்திருக்கிறதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பதெல்லாம் பிறகுதான்.

"இவற்ற அப்பாதான் தள்ளிப் போட்டவர்," என்றேன், உன்னைக் காட்டி.

"எங்கால? கால்வாய்ப் பக்கமோ?"

"இல்லை. வீட்டுப் பக்கம்."

அவர் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை. "தன்ர காணியைத் தானே விட்டவரோ? மனுசன் யாழ்ப்பாணம்தானே?"

எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். நான் பணியாரத் தட்டை நீட்டினேன். ஆசிரியத் தொழிலில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. நல்ல கேள்வி வந்தால் உடனே விடை சொல்லமாட்டேன், அடுத்த பாடத்தில் பார்ப்போம் என்பேன். அந்த அடுத்த பாடம் இவ்வளவு நீளமாக இருக்கும் என்று அன்று நினைக்கவில்லை.

இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன் என்றபோது நீ, "வாட்ஸ்அப்பில போடுங்கோ அம்மா, காணும்" என்றாய். போட்டிருக்கலாம். ஆனால் இந்த வெள்ளவத்தையில் எங்களைப் போலவே ஒரு பழைய வீட்டையும் ஒரு பில்டரின் வரைபடத்தையும் மேசையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற குடும்பங்கள் பல இருக்கின்றன. அவர்களும் வாசிக்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு. நேரில் கதைத்தால் நீ "ஓம் அம்மா, ஓம்" என்று சொல்லிவிடுவாய். ஓம் என்று சொல்கிற பிள்ளையோடு எப்படி வாதாடுவது?

எங்கள் வீட்டைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காலி வீதியிலிருந்து கடலுக்கு எதிர்ப்பக்கமாக இறங்குகிற ஒழுங்கை ஒன்றின் கடைசி வீடு. பின்னால் வளவு, வளவின் முடிவில் ஒரு கம்பி வேலி, வேலிக்கு அப்பால் ஒரு பத்தடி அகலத்துக்கு மரமும் பற்றையும், அதற்கப்பால் கால்வாய். அந்த மரங்கள் நிற்கிற துண்டில் வேலியோரப் பாதி எங்கள் உறுதியில் உள்ளது. தண்ணீரோரப் பாதி அரசாங்கத்தின் கரையொதுக்கு. உன் அப்பா போனபின் உறுதி உன் பெயரிலும் என் பெயரிலும் இருக்கிறது. உன் மாமனார் நல்லெண்ணத்தோடு கூட்டிவந்த பில்டர் சொன்னது இதுதான். வீட்டை இடித்துத் தொடர்மாடி எழுப்புவார். காணிக்கு ஈடாக எங்களுக்கு இரண்டு பிளாட். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கும் நீ கட்டப்போகிற மயூரிக்கும். ஆனால் அதற்கு வேலி பழைய எல்லைக்கல்லுக்கே திரும்பிப் போகவேண்டும். மரங்களை எடுத்துவிட்டு, தண்ணீரின் விளிம்பில் கொங்கிரீட் மதில் கட்டி, மதிலுக்கு உள்ளே வாகனத் தரிப்பிடம். ஒதுக்கைப் பற்றிக் கேட்டேன். "அதை நாங்க பாத்துக்கொள்ளுவம் டீச்சர், அங்க நடைபாதைதான் போடுறம்" என்றார்.

வரைபடத்தை நீயும் பார்த்தாய். அழகாகத்தான் இருந்தது. கரையோரம் முழுக்கப் பச்சை நிறத்தில் வட்ட வட்டமாக மரங்கள் போட்டிருந்தார்கள். "இதில எங்கட மரம் எது?" என்று கேட்டேன். வரைபடத்தை விரித்துக் காட்டிய பையனுக்கு விளங்கவில்லை. "இது சாடியில வைக்கிறது அன்ரி" என்றான். அப்போதுதான் நீ என் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டாய்: "அம்மா, அது எங்கட காணிதானே?"

எங்கள் காணிதான். அதில் சந்தேகமில்லை. ஆனாலும் "ஓம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பாவைத் தன் காணியைத் தானம் செய்த பெரிய மனிதர் என்று நினைத்துவிடாதே. நாங்கள் இந்த வீட்டை வாங்கிக் குடிவந்த புதிதில் அவர் செய்த முதல் வேலை, கால்வாயை நோக்கி வேலியை நாலைந்து அடி தள்ளிப் போட்டதுதான். மருதானையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர், கழுத்துப்பட்டி கட்டுகிற மனிதர், ஆனால் வேலி என்று வந்தால் ஊர்க்காரர். அவருடைய தகப்பனும் பெரியப்பாவும் ஒரு கதியாலின், அந்த வேலித்தடியின், அகலத்துக்காகக் கோடேறி வழக்காடி, ஒருவர் செத்த வீட்டுக்கு மற்றவர் போகாமல் வாழ்ந்தவர்கள். அந்தக் கதையைச் சிரிப்பாகச் சொல்லுவார். சொல்லிவிட்டுத் தானும் அதையே செய்தார். கடற்கரை ரயில்பாதை ஓரத்துப் பூவரசில் தடிகள் வெட்டி, தோளில் சுமந்து வந்து, அலவாங்கால் குழி போட்டுத் தண்ணீரின் விளிம்பிலேயே வரிசையாக நட்டார். எல்லைக்கல்லுக்கும் அப்பால். அரசாங்கத்தின் இடத்தில்.

பக்கத்து வீட்டு நந்தா அக்கா மதிலால் எட்டிப் பார்த்து, "அய்யே, கோட்டு ஹிட்டவன்னே மொகட்டத?" என்றார். தடி நட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று. அப்பா தன்னுடைய உடைந்த சிங்களத்தில், இது தடி இல்லை, வேலி என்று விளக்கினார். நந்தா அக்காவுக்கு அது பெரிய பகிடி. மதில் கட்டப் பணமில்லாத தமிழர் பாவம், தடி நடுகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அன்று மாலை ஒரு தட்டுப் பாற்சோறு வந்தது.

ஊரில் என்றால் கதியாலை வருடா வருடம் வெட்டிக் கட்டுப்படுத்துவார்கள். இங்கே அதற்கு நேரம் எங்கே? காலையில் பஸ், மாலையில் என் டியூசன் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை யாருடையதோ கலியாணம். தடிகள் துளிர்த்தன. துளிர்த்தவை தடித்தன. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் அவை வேலியாக இல்லை, மரங்களாக நின்றன. அவற்றின் நிழலில் யாரும் நடாத மருதமரக் கன்றுகள் முளைத்தன. நந்தா அக்கா கும்புக் என்பது அதைத்தான். தாழை வந்தது, கோரைப்புல் வந்தது. பிறகு மீன்கொத்தி வந்தது. கடைசியாகத் தண்ணீரோரத்துப் பெரிய உடும்பு, கபரகொய்யா, வந்தது. நீ அதற்கு "வாடகை குடுக்காத அங்கிள்" என்று பெயர் வைத்தாய்.

பிறகு அந்த வெள்ளம். உனக்குத் தண்ணீரில் மிதந்த உன் ஒற்றைச் சப்பாத்துத்தான் நினைவிருக்கும். எனக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கிறது. விடாமல் பெய்த மழையில் கால்வாய் காலையிலேயே நிறத்தை மாற்றியிருந்தது. மதியம் நந்தா அக்கா வீட்டுப் பக்கம் ஏதோ லொறி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். அவர்கள் அந்த வருடம்தான் கரையில் நின்றதையெல்லாம் வெட்டி வெளியாக்கி, தண்ணீரின் விளிம்பில் நேராக ஒரு மதில் கட்டியிருந்தார்கள். தண்ணீர் மதிலுக்கு மேலால் வரவில்லை. அடியால் வந்தது. வேரில்லாத மண்ணைக் கரைத்து எடுத்துக்கொண்டு போக, நிற்க இடமில்லாமல் மதில் சரிந்து, குசினியும் கூடவே இறங்கியது. நல்ல காலம், நந்தா அக்கா எங்கள் வீட்டில் இருந்தார். எங்கள் பக்கமும் தண்ணீர் வந்தது. பூவரசுகளுக்கு நடுவால் மெல்ல ஏறி, வளவுக்குள் கொஞ்சத் தூரம் வந்து, ஓர் இரவு நின்று, சேற்றையும் பொலித்தீன் பைகளையும் உன் சப்பாத்தையும் விட்டுவிட்டுத் திரும்பிப் போனது. வீட்டுப் படியைத் தொடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா அலவாங்கை எடுத்துக்கொண்டு வளவுக்குள் இறங்கினார். மரங்களுக்கு இப்பால், தண்ணீர் வந்து நின்ற சேற்றுக் கோட்டில், புதிதாகக் கம்பி வேலிக்குக் குழி தோண்டத் தொடங்கினார். நான் குசினி வாசலில் நின்று கத்தினேன். ஏன் கத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் ஒரு தகரக் கொட்டில் போட்டு என் டியூசன் வகுப்பை அங்கே மாற்ற நான் திட்டம் போட்டிருந்தேன். முன்னறையில் பிள்ளைகளின் செருப்புகளுக்கு நடுவே எத்தனை நாள் சோறு தின்பது?

"உங்களுக்கு விசரோ? ஆராவது வேலியை உள்ளுக்குப் போடுவினமோ?"

"கொஞ்சம் பொறும். வெள்ளம் வந்ததைக் கண்டனீர்தானே?"

"கண்டனான். அதுக்கு?"

"அது இனியும் வரும். நாங்கள் வேண்டாம் எண்டாலும் வரும். வாற ஆளுக்கு ஒரு விறாந்தை விட்டால், அறைக்குள்ள வராது."

நான் அதற்கும் ஏதோ சொன்னேன். உனக்கும் அன்று கோபம். உன் கோபம் வேறு. புதிய வேலியால் உன் கிரிக்கெட் மைதானம் சுருங்கிவிட்டது. வேகப்பந்து போட ஓடிவருவதற்கு இடம் போதாது என்று அழுதாய். "என்ர ரன்-அப்பை வெட்டிப்போட்டார்" என்று ஒழுங்கையெல்லாம் சொல்லித் திரிந்தாய். பிறகு வேறு வழியில்லாமல் சுழல்பந்து போடத் தொடங்கினாய். பள்ளிக்கூட அணிக்கு எடுபட்டது அதனால்தான் என்று நீயே பின்னாளில் மயூரியிடம் பெருமை அடித்ததை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

விறாந்தை என்று அவர் சொன்னது எனக்கு அன்று கோபத்தில் ஏறவில்லை. பிறகு வகுப்பில் ஏறியது. பள்ளிக்கூடம் விடுகிற மணியை நினைத்துப் பார். மணி அடித்ததும் எல்லா வகுப்பும் ஒரே நேரத்தில் வெளியே பாய்கிறது. நடைகூடம் வெறுமையாக, வழுவழுப்பாக இருந்தால் பிள்ளைகள் ஓடுவார்கள், வாசலில் போய் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். அதே நடைகூடத்தில் அங்கங்கே ஒரு தூண், ஒரு பூச்சட்டி, ஒரு மாணவத் தலைவி நின்றால் யாரும் தடைபடுவதில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள்தான், நடந்து போகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். மழைத்தண்ணீரும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைதான். கரையில் நிற்கிற மரமும் புல்லும் அதை நிறுத்துவதில்லை, "ஓடாதே, நட" என்று மட்டும் சொல்கின்றன. நடக்கிற தண்ணீர் தான் சுமந்துவந்த மண்ணையும் குப்பையையும் வழியில் இறக்கி வைக்கிறது. வேர் மண்ணைப் பிடித்திருக்கிறது, நிழல் தண்ணீரைச் சூடேறாமல் வைத்திருக்கிறது. சூடேறினால் மீன் நில்லாது, மீன் இல்லாவிட்டால் மீன்கொத்தி வராது. எல்லாக் கரையையும் மதிலாக்கிவிட்டால் கால்வாய் ஒரு குழாயாகிவிடும். குழாய்க்குள் தண்ணீர் ஓடத்தான் செய்யும்.

ஓடி எங்கே போகும் என்று கேள். நந்தா அக்கா வீட்டை விற்றுவிட்டுப் போனபின் அங்கே எழும்பிய தொடர்மாடி, தண்ணீரின் விளிம்பில் உயரமான மதிலோடு நிற்கிறது. இந்த முறை ஆழமாக அத்திவாரம் போட்டிருக்கிறார்கள், விழாது. அதன்பின் ஒவ்வொரு பெரிய மழைக்கும் அந்த மதிலில் மோதுகிற தண்ணீர் எங்கள் கரையில் வந்து திரும்புகிறது. எங்கள் பூவரசுகளில் ஒன்று போன வருடம் சாய்ந்தது. நாங்களும் மதில் கட்டினால் எங்களுக்கும் ஒன்றும் வராது, உண்மைதான். அக்கரையில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகச் சில வீடுகள் இருக்கின்றன, தெரியும்தானே? நீ அடித்த பந்துகளைத் திருப்பி எறிந்த பிள்ளைகளின் வீடுகள். எங்களிடம் வந்து ஓர் இரவு தங்கிப் போகிற தண்ணீர் பிறகு அங்கேதான் போகும். அங்கே விறாந்தை இல்லை. இருப்பது ஒரே அறை.

"பற்றை எண்டா நுளம்பு அம்மா" என்று நீ சொல்வாய். முன்பும் சொன்னாய். நியாயமான பயம். டெங்குக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் வந்தது நினைவிருக்கிறதா? கரையைக் காட்டி, எல்லாவற்றையும் வெட்டு என்று சொல்லிவிடுவாரோ என்று அவர் கேட்க முன்னமே நானே மரங்களுக்காக வாதாடத் தொடங்கினேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, டோர்ச்சோடு வீட்டைச் சுற்றினார். கடைசியில் சாமி அறைக்குள் எட்டிப் பார்த்து, நான் வாரக்கணக்காகத் தண்ணீர் மாற்றாத பூச்சாடியைத் தூக்கிக் காட்டினார். "டீச்சர், மதுருவோ இன்னே மெஹே." நுளம்பு இருப்பது இங்கேதான் டீச்சர். கரைக்கும் போய்ப் பார்த்தார். அங்கே யாரோ எறிந்த யோகட் கோப்பைகளிலும் ஒரு டயரிலும் இருந்தது. கோப்பையைப் பொறுக்கச் சொன்னார், டயரை எடுக்கச் சொன்னார், மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அந்தத் துண்டை அப்படியே விட்டால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. அதற்கும் வேலை இருக்கிறது. குப்பை பொறுக்கவேண்டும். வெல் ஆத்த என்று சொல்கிறார்களே, காட்டு அன்னமுன்னா, அது மற்றக் கன்றுகளை மூடி வளர்ந்தால் பிடுங்கவேண்டும். முற்றத்தைக் கூட்டுகிற மாதிரி அதுவும் ஒரு வேலை. கூட்டக் கஷ்டமாக இருக்கிறது என்று யாரும் முற்றத்தை விற்பதில்லை.

சரி, இனி உனக்குத் தெரியாத பகுதி. போன கிழமை நான் தனியாக ஓட்டோ பிடித்து அந்தப் பில்டரின் அலுவலகத்துக்குப் போனேன். நான் தொடர்மாடிக்கு எதிரி இல்லை தம்பி. என் முழங்காலைக் கேட்டால் இன்றைக்கே லிஃப்ட் வேண்டும் என்று சொல்லும். கூரை ஒழுகுகிறது, கிணற்றடியில் வழுக்குகிறது. வேலி இப்போது நிற்கிற இடத்தோடு காணி முடிகிறது என்று வைத்து ஒரு வரைபடம் போட முடியுமா என்று கேட்டேன். அவர் மரியாதையான மனிதர். யோசித்துவிட்டு, "போடலாம் டீச்சர். ஆனா பார்க்கிங் குறையும். பார்க்கிங் குறைஞ்சா ஒரு பிளாட் குறையும்" என்றார்.

"எந்தப் பிளாட்?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்கட பங்கில ரெண்டாவது. மகனுக்கெண்டு போட்டது."

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த வசனம்தான். வேலி உள்ளே நின்றால் எனக்குப் பிளாட் உண்டு, உனக்கு இல்லை. நீ இப்போது இருக்கிற அந்த நுகேகொடை மேல்மாடியில், கலியாணத்துக்குப் பிறகும் நீங்கள் இருவரும் மாதா மாதம் வாடகை கட்டிக்கொண்டு இன்னும் எத்தனையோ வருடம் இருக்கவேண்டும். அல்லது ஒரே பிளாட்டில் என்னோடு இருக்கவேண்டும். கலியாணம் முடித்து வருகிற பெண்ணுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு மாமியோடு இருந்தவள்தான். அப்பா வேலியை உள்ளே போட்டபோது இழந்தது ஒரு டியூசன் கொட்டிலும் ஒரு ரன்-அப்பும். இன்றைக்கு அதே வேலி உன் வீட்டைக் கேட்கிறது. மரம் நல்லது என்று எனக்குப் பாடம் நடத்தத் தெரியும். அதன் விலையை வேறொருவன் கொடுக்கவேண்டும் என்றால், அவனிடம் கேட்காமல் பாடம் நடத்துவது சரியில்லை.

மயூரியிடம் மட்டும் சொன்னேன். கோபிக்காதே, அவள் சேலை காட்ட வந்த நேரம் வாய் தவறி வந்துவிட்டது. அவள் பின்வாசலில் போய் நின்று கரையைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து எங்கள் வாடகை குடுக்காத அங்கிள் தாழைக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"மாமி, மரத்தை எடுத்தா இவர் எங்க போவார்?"

"தெரியேல்லைப் பிள்ளை."

"பார்க்கிங்குக்குத்தான் வருவார். என்ர அப்பா வந்தா அவற்ற காருக்குக் கீழ படுப்பார். அப்பாவுக்குப் பல்லியைக் கண்டாலே ஏலாது."

சிரித்துவிட்டு, "எனக்கு நுகேகொடை பழகீடும் மாமி, ஆனா முடிவை அவரிட்டக் கேளுங்கோ" என்றாள். அவள் எந்தப் பக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை அவளுக்கும் விளங்கவில்லை. அப்படி ஒரு பெண்ணோடு வாழப்போகிறாய், அதிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோபமும் வெள்ளம் மாதிரித்தான். மதில் கட்டினால் அடியால் அரிக்கும். உனக்கும் அவளுக்கும் நடுவே பத்தடி இடம் விடு. வந்து, நின்று, சேற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் போகட்டும். நானும் உன் அப்பாவும் ஒரு வேலிக்காக ஒரு கிழமை கதைக்காமல் இருந்தோம். பிறகு அவர் நட்ட கம்பியிலேயே நான் சீலை காயப்போடத் தொடங்கினேன். அதுதான் எங்கள் சமாதான ஒப்பந்தம்.

கரை விஷயத்துக்கு வருகிறேன். என் கையெழுத்து இல்லாமல் பில்டர் ஒரு கல்லும் வைக்க முடியாது. இது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நான் ஏலாது என்று சொன்னால் கதை முடிந்தது. நீ "ஓம் அம்மா" என்பாய். நுகேகொடையில் வாடகை கட்டுவாய். ஒவ்வொரு மாதமும் கட்டுகிற நாளில் அந்த மரங்களை நினைப்பாய். அப்படி ஒரு நினைப்பில் அவை நிற்பதை நான் விரும்பவில்லை. இன்றைக்கு உன் வாயை அடைத்துக் காப்பாற்றுகிற மரத்தை, நான் போன மறுநாள் வெட்டமாட்டாய் என்று என்ன நிச்சயம்? ஆகவே நானும் என் வேலியைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிப் போடுகிறேன். இரண்டு வரைபடங்களும் இப்போது சாமி அறை அலுமாரியில் இருக்கின்றன. நீ எதில் கையெழுத்து வைக்கிறாயோ அதில் நானும் வைப்பேன். மரம் வேண்டாம் என்பதில் வைத்தாலும் வைப்பேன். எனக்கு என்ன விருப்பம் என்று இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லிவிட்டேன். அதை இனி வாயால் சொல்லமாட்டேன். உன் மாமனார் திரும்பவும் வேலியைப் பற்றிக் கேட்டால் இந்தப் பத்திரிகையைக் கொடுப்பேன்.

கையெழுத்துக்கு முன் ஒரே ஒரு வேலை மட்டும் உனக்குத் தருகிறேன். நான் புவியியல் படிப்பித்த காலத்தில், பெருமழை இல்லாத மழை நாட்களில், பிள்ளைகளைக் குடையோடு வெளியே கூட்டிப்போவேன். பள்ளிக்கூடக் கூரையிலிருந்து விழுகிற தண்ணீரின் பின்னாலேயே நடந்து, அது கானுக்குள் இறங்கி, ஒழுங்கையைக் கடந்து, எந்த இடத்தில் கால்வாயில் சேர்கிறது என்று பார்த்துவிட்டு வருவோம். பிள்ளைக்குத் தடிமன் வந்துவிட்டது என்று பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். அதிபர் என்னைக் கூப்பிட்டு, பாடத்திட்டத்தில் குடை இல்லை என்றார். ஆனால் ஒருமுறை நடந்துவந்த பிள்ளை அதன்பிறகு மழையை மேலே மட்டும் பார்ப்பதில்லை, கீழேயும் பார்க்கும். உன்னை நான் ஒரு நாளும் அப்படிக் கூட்டிப்போகவில்லை. நீ வேறு பள்ளிக்கூடம்.

நுகேகொடையில் உன் கூரையில் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அந்தப் பக்கத்துத் தண்ணீரில் ஒரு பங்கு சுற்றி வளைந்து, எங்கள் வளவின் பின்னால் வந்துதான் கடலுக்குப் போகிறது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் மழை பெய்கிற இரவுகளில் நீ அனுப்புகிற தண்ணீர்தான் என் பூவரசுகளுக்கு நடுவால் நடந்து போகிறது. பிழையாகவும் இருக்கலாம். வரைபடத்தில் பார்க்காதே, ஃபோனிலும் பார்க்காதே.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. அடுத்த தூறலுக்குக் குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கு. உன் கூரைத் தண்ணீரின் பின்னால், அது ஒரு கரையைத் தொடும்வரை நடந்து போ.

அன்புடன்,
அம்மா